செய்தி அடங்கிய ஊர்கள்

8 செப்டம்பர் 2025, திங்கள் – ராமேஸ்வரம்

தலைப்புச் செய்தியில் வரும் ஊர்களுக்கு ஆயுசு குறைவு. வெள்ளம் என்றால் ஒரு வாரம், பாலம் திறந்தால் இரண்டு நாள், தொழிற்சாலை என்றால் ஒரே நாள். அப்புறம் அந்த ஊர் என்ன ஆயிற்று என்று போய்ப் பார்க்க நிருபர்களுக்கு நேரம் கிடையாது. ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு இருக்கிறது. அதனால் ராமேஸ்வரத்தில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை, கடலை ஒட்டியே, பேப்பரில் அடிபட்ட ஊர்களாகப் பார்த்து ஒரு சுற்று கிளம்பியிருக்கிறோம்.

'கிளம்பியிருக்கிறோம்' என்றால் நானும் என் சம்பந்தியும். நான் ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், ஓடுகிற ரயிலில் நின்றபடி ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவன். அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குக் காலையில் அச்சடித்த பேப்பர் வேண்டும். அவருக்குக் கைபேசி போதும். உலகச் செய்தி எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பிவிடுகிறார்கள். நேற்று ராத்திரி முழு சந்திர கிரகணம். 11 மணிக்கு மேல் நிலா செம்பு நிறமாகி, பன்னிரண்டேகால் தாண்டும்வரை அப்படியே நின்றது. நான் மொட்டை மாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி அந்த நேரத்தில் கிரகணத்தின்போது செய்யக் கூடாத காரியங்களின் பட்டியலை எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியார்! "நான் நம்பலை சம்பந்தி, வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான்" என்றார் காலையில் மதுரை ஸ்டேஷனில்.

மண்டபம் தாண்டியதும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். புதிய பாம்பன் பாலம் திறந்தது ஏப்ரல் 6, ராமநவமி அன்று. இந்தப் பெட்டியில் பாதிப் பேர் பாலத்தைப் பார்ப்பதற்காகவே வந்தவர்கள் என்று தோன்றியது. கைபேசிகள் எல்லாம் ஜன்னல் கம்பிக்கு வெளியே நீண்டிருந்தன.

பக்கத்திலேயே பழைய பாலம் நிற்கிறது. 1914 பிப்ரவரியில் திறந்தது, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே எழும்பும். ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறப்பார்கள். புதியதில் 72.5 மீட்டர் நீளமும் 660 டன் எடையும் உள்ள ஒரே துண்டு, இரண்டு கோபுரங்களுக்கு நடுவே மோட்டார் விசையில் 17 மீட்டர் உயரத்துக்கு நேராக ஏறுகிறது. ஐந்தாறு நிமிட வேலை. பழைய பாலத்தில் கடைசிக் காலத்தில் ரயில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தது. புதியதில் 75 வரை அனுமதி. ஆனால் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிவப்பு விளக்குதான். அந்த விதி மட்டும் மாறவில்லை. கடலுக்குத் தெரியுமா, பாலம் புதுசு என்று?

எனக்குப் பாலத்தைவிட அந்தக் காற்று நன்றாக நினைவிருக்கிறது. பாம்பன் வருகிறது என்றாலே எங்கள் பெட்டியில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் இழுத்து மூடுவோம். ஒரு கட்டு பறந்தால் அத்தனை கடிதமும் மன்னாருக்குத்தான் போய்ச் சேரும். ஆகவே அந்தப் பாலத்தை எத்தனையோ தடவை கடந்தும் கடலை ஒழுங்காகப் பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்தேன். இந்த வேகத்தில் போனாலும் கொஞ்ச நேரம்தான். பழைய வேகமே பயணிகளுக்கு லாபம்.

9 செப்டம்பர், செவ்வாய் – தனுஷ்கோடி

அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை வந்தது 2017இல். அதற்கு முன்னால் கடைசி ஒன்பது, பத்து கிலோமீட்டரை மணலிலும் தண்ணீரிலும் ஜீப், வேன் என்று குலுங்கிக் கடக்க வேண்டும். இப்போது பஸ்ஸே போகிறது. தென்மேற்குக் காற்று இன்னும் ஓயவில்லை. சாலையின் குறுக்கே மணல் ஓடிக்கொண்டிருந்தது, முகத்தில் ஊசி குத்துகிற மாதிரி அடித்தது. சம்பந்தி துண்டால் தலையை முக்காடு போட்டுக்கொண்டார்.

இடிந்த தேவாலயத்தை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நான் தேடியது தபால் நிலையத்தை. சுவர்கள் கொஞ்சம் நிற்கின்றன. இது சாதாரணக் கிளை அலுவலகம் அல்ல. 1914 மார்ச் முதல், சென்னையிலிருந்து 'போட் மெயில்' இங்கே வந்து நிற்கும். கொழும்புக்கான பைகளும் ஆட்களும் இங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில். அதற்கு முன்னால் இந்தத் தபால் எல்லாம் தூத்துக்குடியிலிருந்துதான் கப்பல் ஏறியது. தனுஷ்கோடி வந்தபின் கடல் பயணம் பல மணி நேரம் மிச்சமாயிற்று. எங்கள் துறையின் பழைய ஆட்கள் 'சிலோன் பை' என்று சொல்லும்போதே ஒரு மரியாதை தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பையும் இல்லை, ஊரும் இல்லை.

1964 டிசம்பர் 22 ராத்திரி, பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. பயணிகளும் ஊழியர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டவர்கள். ஒருவர்கூடத் தப்பவில்லை. தந்திக் கம்பி, தண்டவாளம், பாலம் எல்லாம் போய்விட்டதால் ரயில் போன கதியே வெளியே உறுதியாகத் தெரிய இரண்டு நாள் ஆயிற்று. பாம்பன் பாலத்தின் இரும்புத் தூலங்கள் பெரும்பாலும் அடித்துச் செல்லப்பட்டன. தூக்கித் திறக்கும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. பாலத்தைச் சரிசெய்ய ஆறு மாதம் கெடு வைத்தார்கள், அப்புறம் மூன்று மாதமாக்கினார்கள். ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் முடித்துக் கொடுத்தார். கடலில் விழுந்த தூலங்களைத் தேடி எடுத்தே மறுபடி பொருத்தியிருக்கிறார்கள். பின்னாளில் டெல்லி மெட்ரோவால் நாடு முழுவதும் தெரிந்தவர் ஆனாரே, அவர்தான்.

இதே தண்டவாளத்தில் இன்னொரு கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். பேப்பர் கட்டுகளை ஓடுகிற ரயிலிலிருந்து தூக்கி எறிவார்கள். அதைப் பொறுக்கி எடுத்து வீடு வீடாகப் போட்ட பையன்களில் ஒருவர் அப்துல் கலாம். தம் முதல் சம்பளமே அதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். குடியரசுத் தலைவரானவர் என்பதைவிட, எறிந்த கட்டைப் பிடித்தவர் என்பதில்தான் எனக்கு அவர் மேல் சொந்தம் கொண்டாட ஆசை. நாங்களும் சின்ன ஸ்டேஷன்களில் பையை எறிந்தவர்கள்தான்.

சரி, செய்திக்கு வருவோம். ரிஜிஸ்தர் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ப்பதாக அறிவித்துவிட்டார்கள். அது வந்ததும் சம்பந்தியின் கைபேசியில் 'சிவப்புத் தபால் பெட்டிகளை எடுக்கப் போகிறார்கள்' என்று ஒரு தகவல் சுற்ற ஆரம்பித்தது. அது பொய். பெட்டி இருக்கிறது. நிஜமாகவே எடுக்கிறவர்கள் டென்மார்க்காரர்கள்: இந்த ஆண்டு முடிவோடு அங்கே அஞ்சல் நிறுவனம் கடிதப் பட்டுவாடாவையே நிறுத்துகிறது, ஜூன் முதல் 1,500 பெட்டிகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். 1624இல் தொடங்கிய சேவை. 2000த்திலிருந்து பார்த்தால் அங்கே கடிதங்கள் 90 விழுக்காடு குறைந்துவிட்டனவாம். நம் ஊரில் இன்னும் கோர்ட் சம்மன், வேலை உத்தரவு, பாஸ்போர்ட் எல்லாம் தபாலில்தான் வருகின்றன. ரிஜிஸ்தர் என்ற பெயர் போவதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, ஒளிப்பானேன். கையெழுத்து வாங்கிக் கொடுக்கிற தபால்காரர் போகாத வரைக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

சாயங்காலம் அறைக்குத் திரும்பியதும் தொலைக்காட்சியில் இரண்டு செய்தி. நேபாளத்தில் பிரதமர் ஒலி ராஜினாமா. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் என்று 26 தளங்களை முடக்கினார்கள். நேற்று இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் 19 பேர் செத்தார்கள். ராத்திரியே தடையை எடுத்தும் அடங்கவில்லை. "ஊழல், வேலையில்லாத் திண்டாட்டம்னு உள்ளே புகைஞ்சுக்கிட்டு இருந்திருக்கு சம்பந்தி. வாட்ஸ்அப் சும்மா தீக்குச்சி" என்றார் இவர். நியாயமான பேச்சு.

இன்னொன்று, குடியரசுத் துணைத் தலைவர் தேர்தல். திருப்பூர்க்காரர் சி.பி. ராதாகிருஷ்ணன் 452, சுதர்சன் ரெட்டி 300. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், ஆர். வெங்கட்ராமனுக்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து மூன்றாமவர். முடிவைக் கேட்டதும் சம்பந்தி துள்ளி உட்கார்ந்தார். சந்தோஷத்தில் அல்ல. "767 பேர் ஓட்டுப் போட்டு 15 செல்லாத ஓட்டா? பேருக்கு நேரா 1னு எழுதத் தெரியாதா? இவங்க எல்லாரும் எம்.பி.யா?" ராத்திரி சாப்பாடு வரைக்கும் அதே பேச்சு.

10 செப்டம்பர், புதன் – தூத்துக்குடி

கிழக்குக் கடற்கரைச் சாலை. கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார். பனைமரமும் கருவேலமும் மாறி மாறி வருகின்றன; சொல்ல அதிகம் இல்லை. பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

தூத்துக்குடி ஆகஸ்ட் 4ஆம் தேதி தலைப்புச் செய்தி. வியட்நாம் கம்பெனியான வின்ஃபாஸ்டின் மின்சாரக் கார் தொழிற்சாலையைச் சில்லாநத்தம் சிப்காட்டில் முதல்வர் திறந்துவைத்தார். ஐந்து ஆண்டில் 16,000 கோடி முதலீடு என்பது ஒப்பந்தம். இப்போதைக்கு ஆண்டுக்கு 50,000 கார் செய்யும் அளவு. அதற்குச் சில நாள் முன்னால், ஜூலை 26இல், வாகைக்குளம் விமான நிலையத்தின் புதிய முனையம். ஆலைக்குள் எங்களை யார் விடுவார்கள்? சாலையிலிருந்து பார்த்துவிட்டு வந்தோம்.

பார்க்கக் கிடைத்தது உப்பளம். அதற்குத்தான் இந்த நாள் முழுவதையும் கொடுத்தேன்.

செப்டம்பர் அதன் கடைசி மாதங்களில் ஒன்று. ஐப்பசி மழை இறங்கினால் வேலை நின்றுவிடும், மறுபடி தை கழிந்துதான். நிலத்தடி உப்புநீரைப் பம்பு வைத்து இறைத்து, பாத்தி மாற்றிப் பாத்தி விட்டு, வெயிலில் காயவிடுகிறார்கள். உப்பின் அடர்த்தியை அளக்கும் அவர்கள் கருவியில் கடல்நீர் 3 டிகிரி காட்டும். அது ஏறி ஏறி 25 டிகிரிக்கு வரும்போதுதான் உப்பு பூக்கிறது. அதற்கு முன்பே ஜிப்சம் கீழே படிந்துவிடும். ரொம்பவும் விட்டுவிட்டால் மக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசந்துவிடும். ஆக, எந்தப் பாத்தியிலிருந்து எப்போது எதற்குத் தண்ணீரை மாற்றுவது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. கணக்கு வாத்தியார் இதில் அப்படியே மூழ்கிவிட்டார். பாத்தி ஓரத்தில் குந்தி, அங்கிருந்த பெரியவரிடம் அடுக்கடுக்காகக் கேள்வி.

பெரியவர் சலிக்காமல் சொன்னார். பெண்கள் பலகையால் வாரி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார்கள். மணி பத்துகூட ஆகவில்லை. அந்த வெள்ளையைக் கண் கூசாமல் பார்க்க எனக்கு முடியவில்லை. அவர்களில் பலரிடம் கறுப்புக் கண்ணாடி இல்லை. மழைக்கால மூன்று மாதத்துக்குக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் அரசு நிவாரணம் உண்டு. மூன்று மாதத்துக்கு. "போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வெள்ளத்துல அம்பாரமே கரைஞ்சு போச்சு ஐயா, உப்பு இல்லியா, தண்ணி பட்டா என்ன மிஞ்சும்?" என்றார் பெரியவர். உப்பளம் தலைப்புச் செய்தியில் வருவதே இல்லை. ஆனால் இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில், அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில்.

மத்தியானம் துறைமுகப் பக்கம். வ.உ.சி. 1906இல் இங்கே சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். போன வாரம்தான், 5ஆம் தேதி, அவர் பிறந்தநாள் வந்து போயிற்று. சுதேசிக் கப்பலை ஒழிக்க வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசப் பயணம், கூடவே ஒரு குடை என்று கொடுத்தது என்பார்கள். முதலில் இலவசமாகக் கொடுத்து எதிராளியைக் காலி செய்துவிட்டு, அப்புறம் விலையை ஏற்றுகிற வித்தை இன்றைக்கு இருக்கும் டேட்டா பேக் வரைக்கும் அப்படியே வந்திருக்கிறது.

மக்ரூன் வாங்கப் போன இடத்திலும் ஜி.எஸ்.டி. பேச்சு. 22ஆம் தேதியிலிருந்து புது விகிதம், பெரும்பாலான பொருளுக்கு 5 அல்லது 18. சம்பந்தி வீட்டுக்குப் பெரிய டி.வி. வாங்குவதாக இருந்தார், 28 விழுக்காடு 18 ஆகிறது என்று தள்ளிப் போட்டிருக்கிறார். எனக்கு அதைவிட நல்ல செய்தி, மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தின் மேலிருந்த 18 விழுக்காடு வரி தனிநபர் பாலிசிகளுக்கு அடியோடு போகிறது. எங்கள் வயசில் பிரீமியமே பென்ஷனைத் தின்கிறது, அதற்கு மேல் வரி வேறா என்று ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

11 செப்டம்பர், வியாழன் – ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர்

இன்று பாரதியார் நினைவு நாள். எட்டயபுரம் இங்கிருந்து பக்கம்தான் என்றாலும் இன்றைக்கு அங்கே கூட்டமாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். கவிஞர் என்றே கொண்டாடுகிறோம். மனுஷன் பிழைத்தது பத்திரிகை ஆபீஸில். கடைசியாக வேலை பார்த்ததும் சுதேசமித்திரனில்தான்.

ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன் சின்னது. ஒரு நடைமேடை, சில மரங்கள், நாயொன்று. இங்கேதான் 2023 டிசம்பர் 17 ராத்திரி செந்தூர் எக்ஸ்பிரஸ் 800 பயணிகளோடு நின்றது. தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லி முழுக்க வெள்ளத்தில் போய், கம்பி அந்தரத்தில் தொங்கிற்று. அதற்கு மேல் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். ரயிலை நிறுத்திவைத்தார்களே, அந்த முடிவுக்கு ஒரு கும்பிடு.

அந்த வெள்ளத்தின் அளவு இன்னும் எனக்கு மண்டையில் ஏறவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. தமிழ்நாட்டின் ஓர் ஆண்டு சராசரியே ஏறக்குறைய 92 செ.மீ.தான். சம்பந்தி பேனாவை எடுத்து உள்ளங்கையிலேயே கணக்குப் போட்டார்: ஓர் ஏக்கரில் 38 லட்சம் லிட்டர். ஒரே நாளில்.

டி.வி.யில் ஹெலிகாப்டர்தான் திரும்பத் திரும்ப வந்தது. ஆனால் ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னால் அந்த 800 பேருக்குச் சோறு போட்டது பக்கத்தில் உள்ள புதுக்குடி ஊர்க்காரர்கள். அவர்கள் ஊரிலும் வெள்ளம், கரண்ட் இல்லை, கடை இல்லை. வீட்டில் இருந்த அரிசியைக் கொண்டுவந்து கோயிலில் வைத்துப் பொங்கியிருக்கிறார்கள். ஸ்டேஷன் வாசலில் ஒருவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "பச்சப் புள்ளைங்க பால் இல்லாம அழுதுச்சு, வேற என்ன செய்ய" என்றார். அதற்கு மேல் பேச அவருக்கு விருப்பமில்லை. உர மூட்டை ஏற்ற ஆள் வரவில்லை என்ற கவலையில் இருந்தார்.

அங்கிருந்து பாசஞ்சரில் ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம். ஒவ்வொரு பெயர்ப்பலகைக்கும் என் வாய் தானாக அஞ்சல் குறியீட்டைச் சொல்லிற்று. காயல்பட்டினம் 628204, திருச்செந்தூர் 628215. 1972 ஆகஸ்ட் 15இல் இந்த எண்கள் வந்தன. முதல் மூன்று எண்ணைப் பார்த்தாலே கை தானாகக் கடிதம் பிரிக்கும் அலமாரியின் சரியான அறைக்குப் போகும். "இதெல்லாம் இன்னும் எதுக்கு சம்பந்தி மண்டையில வச்சிருக்கீங்க?" என்றார் அவர். பதினாறாம் வாய்ப்பாட்டை இன்னும் தலைகீழாகச் சொல்கிற மனிதர் கேட்கிற கேள்வியா இது?

திருச்செந்தூரில் ஜூலை 7 குடமுழுக்குக்குப் பிறகு கூட்டம் குறையவே இல்லை என்கிறார்கள். நன்றாகத் தரிசனம் கிடைத்தது. பக்கத்துக் காயாமொழி சி.பா. ஆதித்தனாரின் ஊர். 1942இல் மதுரையில் அவர் தொடங்கிய தினத்தந்தியைத்தான் காலையில் டீக்கடையில் நாலு பேர் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கடைசியில் விளையாட்டுப் பக்கம்தான் கிடைத்தது.

12 செப்டம்பர், வெள்ளி – குலசேகரன்பட்டினம், கன்னியாகுமரி

குலசையில் இரண்டு வேலை ஒரே சமயத்தில் நடக்கிறது. ஒரு பக்கம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டவர்கள். காளி வேஷத்துக்கான முடி, கிரீடம், அட்டைக் கைகள் கடைகளில் தொங்குகின்றன. இன்னொரு பக்கம் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம். 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல். போன மாதம் 27ஆம் தேதி ஏவுமேடைக்கான பூமி பூஜை.

ஏன் இந்த ஊர் என்பதற்கு விடை வரைபடத்திலேயே இருக்கிறது. துருவச் சுற்றுப்பாதைக்குப் போகும் ராக்கெட் தெற்கே பாய வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் வழியில் இலங்கை. அதன் தலைக்கு மேல் பறக்கக் கூடாது என்பதால் சுற்றி வளைத்துத் திருப்புகிறார்கள். பெரிய ராக்கெட் அந்த எரிபொருள் செலவைத் தாங்கும். 500 கிலோ தூக்குகிற எஸ்.எஸ்.எல்.வி. என்ற சின்ன ராக்கெட்டுக்குக் கட்டுப்படியாகாது. இங்கிருந்து தெற்கே வெறும் கடல்தான். இஸ்ரோ தலைவர் வி. நாராயணனும் பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்.

மீன்காரர் ஒருவர் கேட்டதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: "விடுற அன்னிக்கு எத்தனை நாள் கடலுக்குப் போக வேண்டாம்னு சொல்வாங்க?" எங்கள் இருவருக்கும் பதில் தெரியவில்லை. அடிக்கல் செய்தியிலும் அது இருந்ததாக நினைவில்லை.

கன்னியாகுமரிக்கு வந்து சேர்ந்தபோது துணைத் தலைவர் பதவியேற்பு முடிந்திருந்தது. கண்ணாடிப் பாலம், போன டிசம்பர் 30இல் திறந்தது, 77 மீட்டர், 37 கோடி. முன்பெல்லாம் கடல் கொந்தளித்தால் விவேகானந்தர் பாறையோடு படகு திரும்பிவிடும், வள்ளுவரை எட்ட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இப்போது நடந்தே போய்விடலாம். சம்பந்தி கண்ணாடிமேல் கால் வைக்காமல், ஓரமாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தார். மறுமுனைக்கு வந்ததும் குரல் திரும்பிவிட்டது: "பீடம் 38 அடி, அறத்துப்பாலுக்கு. சிலை 95 அடி, பொருளும் இன்பமும். கூட்டினா 133. கணபதி ஸ்தபதிக்குக் கணக்கு தெரிஞ்சிருக்கு."

ராத்திரி ரயில். இருவருக்கும் கீழ்ப் படுக்கை கேட்டோம், ஒன்றுதான் கிடைத்தது. முழங்கால் வலி அதிகம் யாருக்கு என்பதில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய மூத்த குடிமக்கள் சலுகை (ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 விழுக்காடு) திரும்ப வரவில்லை என்று அவர் இரண்டு பேருக்குமான நஷ்டத்தைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

அடுத்த சுற்று நாகப்பட்டினம், தரங்கம்பாடி என்று பேசி வைத்திருக்கிறோம். முன்பதிவு இப்போது 60 நாள்தான், ஆகவே இன்று பதிந்தால் நவம்பர் இரண்டாம் வாரம் வரைதான். அந்த மாதம் ஆயுள் சான்றிதழ் வேறு கொடுக்க வேண்டும். முகத்தைக் கைபேசியில் காட்டினால் போதும் என்கிறார் சம்பந்தி. மழையும் அப்போதுதான். டிசம்பர் கடைசிக்குத் தள்ளலாமா என்று வீட்டில் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.